பாதி டம்ளர் பஞ்ச்

அத்தியாயம் பதினொன்று

காலை ஏழு மணிக்கு வனஜா மாத்திரையைப் பொடித்தாள்.

இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் சத்தம் வராது. இந்த நாற்பது நாளில் கற்றுக்கொண்டது அது. பொடியைக் கேழ்வரகுக் கஞ்சியில் போட்டாள். மோர் விட்டு, உப்பு கொஞ்சம் தூக்கலாகப் போட்டுக் கலக்கினாள்.

"வனஜா, கஞ்சி ஆச்சா?" என்று முன்னறையிலிருந்து தங்கவேல் குரல் கொடுத்தான்.

"தோ, எடுத்தாறேன்."

அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான். அடியில் வெள்ளையாக எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று அவள் பார்த்தாள். இல்லை.

தங்கவேல் பொங்கலன்று குடித்துவிட்டு ஆவடி மார்க்கெட் பின்னால் விழுந்து கிடந்ததும், தொழிற்சாலையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவனை ஸ்டோர்ஸில் போட்டுவிட்டதும், அந்த அவமானத்தில் அவன் மாங்காட்டு அம்மனிடம் வேண்டிக்கொண்டதும் தெரிந்த கதைதான். ஆறு செவ்வாய்க்கிழமைகள் எலுமிச்சம்பழத்தோடு கோயிலுக்குப் போனான். ஐயப்பன்தாங்கலில் பஸ் மாறி, நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்பினான். ஒரு நாளும் குடிக்கவில்லை. போன செவ்வாயோடு ஆறு வாரமும் முடிந்தது. கடைசி வாரம் குருக்கள் திருப்பிக் கொடுத்த பழம் சாமி மாடத்தில் இருக்கிறது.

குவார்ட்டர்ஸ் முழுவதும் அம்மன் மகிமை என்று பேசியது. வனஜா மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு அம்மன்மேல் நம்பிக்கை இருந்தது. புருஷன்மேல் இல்லை.

பக்கத்து வீட்டு ஜமீலாவின் தம்பி நூர் முகமது பூந்தமல்லியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறான். முதல் செவ்வாய்க்கு மறுநாள் அவனிடம் போய் அழுது வாங்கி வந்ததுதான் இந்த மாத்திரை.

"அவருக்குத் தெரிஞ்சுதான் குடுக்கணும்க்கா," என்று அவன் இரண்டு தடவை சொன்னான். "இத்த சாப்புட்டுக்கினு ஒரு வாய் குட்ச்சாலும் ஆபத்து. மூஞ்சி செவந்துடும், நெஞ்சு அட்ச்சிக்கும், மூச்சு முட்டும். உசுருக்கே கூட ஒண்ணு ஆயிடும்."

"சொல்லிட்டுத்தான்பா குடுப்பேன்," என்று அவள் சொல்லியிருந்தாள்.

அந்தப் பொய்க்கு இன்று வயது நாற்பது நாள்.

ஒன்பதரை மணிக்கு வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கறி வாங்கப் போன தங்கவேல் தன் அண்ணனோடு திரும்பியிருந்தான்.

நாகப்பன் மிலிட்டரியில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டுப் போன மாதம்தான் ஓய்வு பெற்று வந்தார். துப்பாக்கி பிடித்தவர் இல்லை. ஆபீசர்கள் மெஸ்ஸில் பரிமாறும் வேலை. அப்பா செத்தபோது தங்கவேலுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து அவனுக்கு அண்ணன்தான் எல்லாம். அவர் வந்து உட்கார்ந்தால் தங்கவேல் இன்றைக்கும் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவான்.

"வனஜாம்மா, இன்னா இளச்சிட்ட? எங்க உன் பொண்ணு?"

"லீவுக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போயிருக்கா மாமா."

"நல்லதாப் போச்சு. இன்னிக்கு இது பெரியவங்க விருந்து."

அவர் கித்தான் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஓர் அன்னாசிப்பழம். இரண்டு ஆப்பிள். ஆரஞ்சு ஸ்குவாஷ் ஒரு பாட்டில். கடைசியாக, செய்தித்தாளில் சுற்றியிருந்த கறுப்புப் பாட்டில்.

வனஜா பாட்டிலையே பார்த்தாள்.

"இன்னா மாமா இது?"

"ஒயின்மா. மிலிட்டரி கேன்டீன்ல வாங்குனது. ஏன் பேயப் பாத்த மாதிரி பாக்குற? பிராந்தி இல்ல, ரம்மு இல்ல, வெறும் திராட்ச."

"அவரு உட்டுட்டாரு மாமா."

"அதுக்குத்தாம்மா இதக் கொணாந்தேன்." நாகப்பன் குரலைத் தாழ்த்தினார். அவர் முகத்தில் உண்மையான அக்கறை இருந்தது. "எத்தினி பேரப் பாத்துருக்கேன் மெஸ்ல. ஒரேயடியா உட்டவன்தான் ஒருநாள் ஒரேயடியாப் போய் வுழுவான். அளவாக் குடிக்கப் பழகுனவன் வுழமாட்டான். இதுல ஒயினு கொஞ்சம், பழம் நெறய, சோடா அதுக்கு மேல. பஞ்ச்னு பேரு. மேஜர் ஊட்டம்மாங்க குடிக்கிறது. பத்து டம்ளர் குட்ச்சாலும் கோலம் போடலாம்."

"எனுக்கு வாணாம்ணா," என்றான் தங்கவேல்.

"வாணாம்ன்றான். கண்ணு மட்டும் பாட்டில் மேலயே கீது பாரு!"

இருவரும் சிரித்தார்கள். வனஜா கறியைக் கழுவ எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டு, கறியை மறந்து நின்றாள்.

நாகப்பன் பின்னாலேயே வந்துவிட்டார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, அடுப்படி முழுவதையும் தன் மெஸ்ஸாக மாற்றிவிட்டார்.

"பெரிய கண்ணாடி பவுல் கீதாம்மா? இல்லியா? செரி, குண்டான எடு. எவர்சில்வர்ல கலரு தெரியாது. இன்னா பண்றது, கீறத வச்சுப் பண்ணுவோம். அன்னாசிய இம்மாந்துண்டா வெட்டு. ஆப்பிள்ள தோல் சீவாத, செவப்பு மெதக்கணும்."

வனஜா வெட்டினாள். கத்தி நழுவி விரல் நுனியைக் கீறியது. ரத்தத்தை முந்தானையில் ஒற்றிக்கொண்டாள்.

அவர் பழத்துண்டுகளைக் குண்டானில் போட்டு, சர்க்கரை தூவி, ஸ்குவாஷை ஊற்றி, மூடி வைத்தார். "பத்து நிமிசம் ஊறணும். பழம் தண்ணி உட்டாத்தான் ருசி." பிறகு ஒயினைத் திறந்தார். டம்ளரால் அளந்து இரண்டு டம்ளர் ஊற்றினார். மஞ்சளாக இருந்தது மெல்ல மெல்லச் சிவந்தது. சமையலறையில் புளித்த திராட்சை வாசனை எழுந்தது. நன்றாக இருந்தது அந்த வாசனை. அதுதான் வனஜாவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"எலுமிச்ச?"

"தீந்துடுச்சு மாமா."

"பொய் சொல்லாதம்மா. தோ கீதே."

அவள் திரும்புவதற்குள் அவர் சாமி மாடத்துக்குக் கை நீட்டிவிட்டார். குங்குமம் ஒட்டியிருந்த பழத்தைக் குழாயில் கழுவினார். கத்தியை எடுத்தார்.

"மாமா! அது மாங்காட்டுப் பழம்!"

பழம் இரண்டாகியிருந்தது. நாகப்பன் ஒரு கணம் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தெரியாமச் செஞ்சுட்டேன் தாயே. இருந்தாலும் அம்மன் பழம்தானே, நல்லதுதான் செய்யும்," என்று இரண்டு மூடியையும் குண்டானில் பிழிந்தார்.

வனஜா அழுதுவிடுவாள் போலிருந்தது. 'இப்போது சொல்லிவிடு' என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. எப்படிச் சொல்வது? புருஷனுக்கு நாற்பது நாளாகச் சோற்றில் மருந்து வைத்தேன் என்று மூத்தாரிடம் எந்த வாயால் சொல்வது?

"ஐஸ் வாங்கியாரேன் மாமா," என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

அந்த வரிசையில் ஃப்ரிட்ஜ் இருந்தது ஜமீலா வீட்டில் மட்டும்தான். அவள் கணவர் சாதுல்லா போன வருடம் போனஸில் வாங்கியது. ஜமீலா தையல் மிஷினை நிறுத்திவிட்டு ஐஸ் தட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"இன்னா வனஜா, விருந்தா? சர்பத்து போடுறியா?"

"சர்பத்து இல்லக்கா. அவங்க அண்ணன் ஒயின் கொணாந்து கலக்கறாரு. அவருக்குக் குடுக்கப் போறாரு."

ஜமீலாவின் முகம் மாறியது. "மாத்திரை?"

"காலைல குடுத்துட்டேன்."

"யா அல்லா! போய்ச் சொல்லுடி. இப்பவே போய்ச் சொல்லு."

"சொன்னா என்ன வச்சு வாழமாட்டாருக்கா. மருந்து வச்சவன்னு ஊரே பேசும். உன் தம்பி வேலையும் போயிடும்."

"அவன் வேலைய நான் பாத்துக்கறேன். நீ உன் புருசன் உசுரப் பாரு."

வனஜா ஐஸ் தட்டோடு நின்றாள். விரல்கள் மரத்துப்போயின. ஜமீலா வீட்டு மேஜைமேல் ஒரு தட்டில் பன்னீர் திராட்சை இருந்தது. கறுப்பாக, சாறு நிறைந்து.

"அக்கா, அந்தத் திராட்சையக் கொஞ்சம் குடு."

"எதுக்குடி?"

"கலருக்கு."

சமையலறையில் நாகப்பன் இல்லை. கோலி சோடா வாங்க முக்குக் கடைக்குப் போயிருந்தார். "சோடாவக் கடசீலதான் ஊத்தணும். முன்னாடியே ஊத்துனா செத்துப் போயிடும்," என்று தங்கவேலிடம் சொல்லிக்கொண்டே அவர் படியிறங்கியது அவளுக்குக் கேட்டது.

வனஜா திராட்சையைக் கையாலேயே கசக்கி வடிகட்டினாள். ஸ்குவாஷ் கொஞ்சம் விட்டாள். நிறம் சரியாக இருந்தது. அலமாரியிலிருந்து கல்யாண டம்ளரை எடுத்தாள். 'தங்கவேல் – வனஜா' என்று பெயர் வெட்டிய டம்ளர். அவன் எப்போதும் குடிப்பது அதில்தான். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. சாற்றை அதில் ஊற்றினாள். குண்டானிலிருந்து எடுக்காமல், பலகையில் மிச்சமிருந்த அன்னாசித் துண்டு இரண்டைப் போட்டாள். ஐஸ் போட்டாள்.

நாகப்பன் வந்து மூன்று சோடாவை உடைத்து ஊற்றினார். குண்டான் முழுக்க நுரைத்துக்கொண்டு வந்தது. கரண்டியால் தன் டம்ளரை நிரப்பிக்கொண்டு, "தம்பிக்கு?" என்றார்.

"மொதல்லயே எடுத்து வச்சிட்டேன் மாமா. அவருக்கு சோடா புடிக்காது."

"சபாஷ். மெஸ்ல சேத்துக்கலாம் உன்ன."

தட்டில் இரண்டு டம்ளர்களையும் வைத்து அவளே எடுத்துக்கொண்டு போனாள். பெயர் வெட்டிய டம்ளரைக் கணவன் பக்கம் திருப்பி வைத்தாள். தங்கவேல் எடுத்தான். ஒரு வாய் குடித்தான்.

"நல்லா கீதுண்ணா. ஒயின் வாசனையே தெரியல."

"அதாண்டா பஞ்ச்சு!"

வனஜாவின் மூச்சு நாற்பது நாளுக்குப் பிறகு முதல்முறையாக முழுதாக வெளியே வந்தது போலிருந்தது. அம்மா, தாயே, காப்பாத்திட்டே. குழம்பைப் பார்க்கத் திரும்பினாள்.

"டேய் வேலு, ஞாபகம் கீதா?" நாகப்பனின் குரல் பின்னால் கேட்டது. "பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு டீக்கட. கையில ஒரு டீக்குத்தான் காசு. நான் பாதி குட்ச்சிட்டு உனுக்குப் பாதி தருவேன்."

"மறப்பனாண்ணா."

"இன்னிக்கும் அப்டியே. இந்தா, அண்ணன் எச்சி. குடி."

வனஜா திரும்பினாள்.

நாகப்பன் தன் டம்ளரில் பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் தம்பியிடம் நீட்டிக்கொண்டிருந்தார். தங்கவேலின் கை உடனே நீளவில்லை. அவன் அண்ணனைப் பார்த்தான். பிறகு வனஜாவைப் பார்த்தான்.

"நீ குடுத்ததக் குட்ச்சேன், இத்தயும் குடிக்கட்டா வனஜா? ஆறு வாரம்தான் முடிஞ்சிடுச்சே."

அவன் அவளிடம் எதற்கும் அனுமதி கேட்டவன் இல்லை. சின்னப் பிள்ளை போல, அண்ணன் நீட்டிய டம்ளருக்கும் அவள் முகத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டு கேட்டான்.

"வாணாங்க," என்றாள் அவள். "வாணாம்."

"ஏம்மா, உன்தையே குட்ச்சிட்டான், என்துல இன்னா வெஷமா கீது?" நாகப்பன் சிரித்தார். கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. பிறகு மெல்லக் கீழே இறங்கப் பார்த்தது.

அதைத் தங்கவேலால் பார்க்க முடியவில்லை. வாங்கிக் குடித்துவிட்டான்.

பாதி டம்ளர். அவ்வளவுதான். அடியில் தங்கிய ஆப்பிள் துண்டை விரலால் எடுத்து மென்றான்.

சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு ஐந்து.

வனஜா இலை போட்டாள். சோறு பரிமாறினாள். இப்போது சொன்னால்கூடப் போதும் என்று நினைத்தாள். பாதி டம்ளர்தானே, ஒன்றும் ஆகாமலும் போகலாம் என்றும் நினைத்தாள். இரண்டு நினைப்புக்கும் நடுவில் கறித் துண்டுகள் இலைக்கு வெளியே விழுந்தன.

பன்னிரண்டு பத்து. தங்கவேல் நன்றாகத்தான் சாப்பிட்டான். எலும்பை உறிஞ்சிக்கொண்டே எதற்கோ சிரித்தான்.

பன்னிரண்டு பதினான்கு. "ஃபேன் ஓடலையா?" என்று அண்ணாந்து பார்த்தான். ஓடிக்கொண்டிருந்தது.

அவன் கண்ணின் வெள்ளை, யாரோ உள்ளிருந்து ஊற்றுவது போலச் சிவந்துகொண்டிருந்தது. பிறகு காது மடல்கள். கழுத்தில் திட்டுத் திட்டாக. நெற்றியிலிருந்து வியர்வை இலைமேலேயே சொட்டியது.

"வனஜா... நெஞ்சு இன்னாமோ பண்து."

"நாப்பது நாளு ஆச்சு இல்ல, ஒடம்பு புச்சா நெனச்சிக்கினு கீது," என்றார் நாகப்பன். "மோரு குடும்மா."

தங்கவேல் எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. அப்படியே ஒருக்களித்துச் சாய்ந்து வாந்தியெடுத்தான். நெஞ்சு சட்டைக்கு மேலேயே தெரியும்படி அடித்துக்கொண்டது. வாயைத் திறந்து திறந்து மூடினான். காற்று போதவில்லை.

"டேய்! டேய் வேலு!" நாகப்பன் அவனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். திடீரென்று அவர் பார்வை கறுப்புப் பாட்டில்மேல் போயிற்று. பாட்டிலை எடுத்து முகர்ந்தார். "இன்னா எழவு கலந்து வச்சானுங்க இதுல? நானும்தானே குட்ச்சேன், எனுக்கு ஒண்ணும் ஆவலியே! ஐயோ, என் தம்பிய நானே கொன்னுட்டேனே! என் கையாலயே குடுத்தேனே!"

அவர் தலையில் தலையில் அடித்துக்கொண்டார். ஐம்பது வயது மனிதர். மிலிட்டரிக்காரர்.

வனஜா சுவரோடு ஒட்டி நின்றாள். அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை. அதை இங்கே எழுதத்தான் வேண்டும். மூத்தார் தன்மேல் பழியைப் போட்டுக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு அப்போதும் அவள் நின்றாள்.

சத்தம் கேட்டு ஜமீலா வாசலில் வந்து நின்றாள். அவள் எதையும் விளக்கவில்லை. கூப்பிட்டாள், அவ்வளவுதான்.

"வனஜா."

"நான்தான் மாமா," என்றாள் வனஜா. "பாட்டில் இல்ல. நான்தான். கஞ்சில மாத்திரை போட்டேன். குடியை நிறுத்துற மாத்திரை. தெனமும் போட்டேன். அத்த சாப்புட்டுட்டு இத்தக் குடிக்கக் கூடாது."

அடித்துக்கொண்டிருந்த நாகப்பனின் கை அந்தரத்தில் நின்றது. மடியில் கிடந்த தங்கவேலின் சிவந்த கண்கள் மெல்லத் திரும்பி அவளைத் தேடின.

"ஆட்டோ!" என்று ஜமீலா தெருப்பக்கம் ஓடினாள்.

திருமுல்லைவாயில் போகும் வழியில் ஒரு சின்ன நர்சிங் ஹோம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலும் ஒரு பெண் டாக்டர் இருந்தார். அவர் முதலில் கேட்டதே, "என்ன சாப்பிட்டார்?" என்றுதான். வனஜா ரவிக்கைக்குள் மறைத்து எடுத்து வந்த மாத்திரை அட்டையை நீட்டினாள். டாக்டர் அதைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அட்டையோடு உள்ளே போய்விட்டார்.

கதவு சாத்தியிருந்தது. பெஞ்சின் ஒரு கோடியில் நாகப்பன், மறு கோடியில் வனஜா. நடுவில் நாலு பேர் உட்காரலாம். யாரும் உட்காரவில்லை. அவர் லுங்கியில் வாந்திக் கறை காய்ந்திருந்தது. ரயில் ஒன்று ஆவடிப் பக்கம் போயிற்று. இன்னொன்று திரும்பி வந்தது. கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் வனஜாவின் கை தன்னையறியாமல் தாலிக்குப் போயிற்று. ஒருமுறை நர்ஸ் வந்து, "பிரஷர் ஏறவே மாட்டேங்குது," என்று உள்ளே யாரிடமோ சொன்னாள். நாகப்பன் எழுந்து நின்றவர், மறுபடி உட்காரவே இல்லை.

மூன்று மணிக்கு மேல் டாக்டர் கூப்பிட்டார்.

தங்கவேலுக்குக் கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. முகத்தில் சிவப்பு வடிந்து சாம்பல் பூசியது போலிருந்தது. கண்களை மூடியிருந்தான்.

"பிழைச்சுட்டார்," என்றார் டாக்டர். "குடிச்சது கொஞ்சம், அதுவும் லேசானது. அதனால பிழைச்சார். பிராந்தியா இருந்தா நீங்க இங்க வந்து பிரயோஜனம் இருந்திருக்காது. எத்தனை நாளா குடுக்குறீங்க?"

"நாப்பது நாளா."

"அவருக்குச் சொல்லாம?"

வனஜா தலையாட்டினாள்.

"நடுவுல இந்த மாதிரி எப்பவாவது ஆச்சா? முகம் சிவந்து, வாந்தி, மூச்சுத் திணறல்?"

"இல்லீங்க. ஒரு நாளும் இல்ல."

"அப்போ ஒண்ணு புரிஞ்சுக்குங்கம்மா. இந்த மாத்திரை குடிக்கிற ஆசையைப் போக்காது. குடிச்சா உடம்பை இப்படிப் பண்ணும், அவ்வளவுதான். நாற்பது நாள்ல ஒரே ஒரு நாள் வெளியில குடிச்சிருந்தாலும் அன்னிக்கே இவரைத் தூக்கிட்டு வந்திருப்பாங்க." டாக்டர் அட்டையை அவள் கையில் திருப்பி வைத்தார். "உங்க மாத்திரை இவரை நிறுத்தலை. இவரேதான் நிறுத்தியிருக்கார்."

வனஜா கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

நாற்பது நாள். ஸ்டோர்ஸ் வேலை முடிந்து அவன் சாராயக்கடை இருக்கும் தெருவைத் தவிர்த்து, சுற்றி நடந்தே வந்தது. இரவில் தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தது. ஒரு நாள், "கை நடுங்குதுமே, கொஞ்சம் புடிச்சுக்க," என்று கேட்டது. அதையெல்லாம் அவள் மாத்திரைக் கணக்கில் எழுதியிருந்தாள்.

"டாக்டரம்மா." தங்கவேல் கண்ணைத் திறக்காமலே பேசினான். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "இது ஒடம்புல எத்தினி நாளைக்கு இருக்கும்?"

"ரெண்டு வாரம். அதுவரைக்கும் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. இருமல் டானிக்கூட என்னைக் கேட்காம சாப்பிடாதீங்க."

"ரெண்டு வாரம்," என்று அவன் மறுபடி சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

ஆறு மணிக்கு வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு நாகப்பன் கிளம்பிவிட்டார். தம்பியின் தலையைத் தடவினார். "நாளைக்கு வரேன்டா," என்றார். குண்டானில் மிச்சமிருந்ததைத் தானே எடுத்துப்போய்ச் சாக்கடையில் கொட்டினார். அன்னாசித் துண்டுகளும், பிழிந்த எலுமிச்சை மூடி இரண்டும் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன.

பாட்டிலை மட்டும் மறந்துவிட்டார். அதில் பாதி ஒயின் இருந்தது.

வனஜா அதை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தாள்.

"அத்தத் தொடாத," என்றான் தங்கவேல்.

அவள் நின்றாள்.

"அங்கயே வை."

சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கினான். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று திருகிப் பார்த்தான். பரணில், எட்டும் உயரத்தில், எல்லாரும் பார்க்கும்படி வைத்தான்.

அவள் கஞ்சி காய்ச்சினாள். கதவைத் திறந்துவைத்துக்கொண்டே காய்ச்சினாள். பெயர் வெட்டிய டம்ளரில் ஊற்றி, எடுத்துக்கொண்டு போய் அவன்முன் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"நீ மொதல்ல குடி."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள். சோறு போட்டியா என்று கேட்பது போலச் சொன்னான். அவள் நின்றபடியே குடித்தாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பாதி ஆனதும் கையை நீட்டி டம்ளரை வாங்கினான். மீதியைக் குடித்தான்.

"ஆறு வாரம் நானா உட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்மே," என்றான். "நானாத்தான் உட்டுருக்கேன். அத்த டாக்டரு சொல்லித்தான் உனுக்குத் தெரிய வேண்டியிருக்கு."

"மன்னிச்சிடுங்க..."

எழுந்து சுவரில் தொங்கிய நாள்காட்டியிடம் போனான். நாளைய தாளிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினான். நடுவில் ஒருமுறை எண்ணிக்கை தப்பி, முதலிலிருந்து ஆரம்பித்தான். பதினாலாவது தாள் வந்ததும் அதன் மூலையை மடித்தான். அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான்.

"அன்னிக்கு அண்ணன வரச் சொல்லி ஆள் அனுப்பு," என்றான். "ஐஸும் வாங்கி வை."

"எதுக்குங்க?"

அவன் பரணை ஒருமுறை பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். மத்தியானம் அவளிடம் அனுமதி கேட்ட அந்த முகம் எங்கேயும் இல்லை.

"பயமா கீதா?" என்றான். "இருக்கட்டும். நாப்பது நாளு, எங்க குட்ச்சிடுவேனோன்னு நான் தெனமும் பயந்தேன்."

பாயை உதறிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தான். வனஜா காலி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். ஃபேன் காற்றில் தாள்கள் படபடத்தன. மடித்த மூலை மட்டும் அசையாமல் இருந்தது.